வூஸ்டேயில் நின்ற தண்ணீர்

தில்லைநாதன் என்றால் ஓல்டனில் இருக்கிற எங்கள் சனத்துக்குச் சட்டென்று பிடிபடாது. கிரவல் தில்லை என்றால்தான் ஓ, அவரோ என்பார்கள். ஏழாலைச் செல்லப்பரின் நாலாவது பிள்ளை. மூத்தவர் கொழும்பில் கடையோடு நின்றுவிட்டார், அடுத்த தமக்கை கனடாவில், அதற்கடுத்தது சின்னனிலேயே தவறிப்போனது. தில்லைநாதன் எண்பத்தாறில் சுவிசுக்கு வந்து, ஐந்து வருடம் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவி, பிறகு கிரவல், அதாவது சரளைக்கல், கழுவப் போனவர். கழுவுகிறதுதான் என் தலையெழுத்து என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மனைவி புனிதவதி முதியோர் இல்லமொன்றில் உடுப்புத் தோய்க்கிற பகுதியில் வேலை. ஆக, வீட்டில் இரண்டு பேருக்கும் தண்ணீரோடுதான் சீவியம்.

கிரவல் தோண்டி எடுக்கிற அந்தக் கிடங்கு ஓல்டனிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். பனிக்காலம் முடிந்து வெயில் ஏறினால் கிடங்கின் அடித்தளம் வெள்ளை வெளேரென்று கிடக்கும். தோண்டி முடித்த பெரிய பள்ளம் ஒன்று அதன் கிழக்கு மூலையில். ஒரு புல் முளைக்காது, ஒரு நிழல் விழாது. வேலைக்காரர் அந்த மூலையை வூஸ்டே என்பார்கள். பாலைவனம் என்று அர்த்தம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தில்லைநாதன் அதன் விளிம்பில் போய் இருப்பார். வெயிலில் கல்லெல்லாம் அலையலையாக நெளியும். கண் கொஞ்சம் சொருகினால், இல்லாத தண்ணீர் அங்கே அசைகிற மாதிரித் தோன்றும். பிறகு மணி அடிக்கும், எழும்பிப் போவார்.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு சித்திரையில் சேற்றுப் பம்பி பழுதாகிப்போனது. தோண்டின கிரவலை யந்திரத்தில் போட்டுக் கழுவும்போது வருகிற சாம்பல் நிறச் சேற்றுத் தண்ணீரை இந்தப் பம்பிதான் இழுத்துக்கொண்டுபோய் தொட்டியில் விடுகிறது. புதுச் சாமான் வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். அப்போதிருந்த மேலாள், ஓய்வுக்கு ஒரு மாதம் இருந்த மனிதர், கையை விசிறி, எங்கேயாவது விடு தில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேறொருவன் என்றால் குழாயை நீட்டி விட்டிருப்பான். தில்லைநாதன் மண்வெட்டியை எடுத்தார். வெங்காயத் தோட்டத்தில் வளர்ந்த கை. தண்ணீர் போகிற பாதையில் ஒரு வரம்பு போட்டு, பக்கத்தில் ஒரு வாய் வெட்டி, காலால் சேற்றை மிதித்து இறுக்கி, தண்ணீரை அப்படியே வூஸ்டேக்குத் திருப்பி மாறிவிட்டார். முதல் நாள் வந்த தண்ணீரையெல்லாம் கல் குடித்துவிட்டது. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் பின்னேரம் போய்ப் பார்த்தால், வண்டில் சில்லளவு ஒரு குட்டையில் தண்ணீர் வற்றாமல் நின்றது. கழுவின சேறு கல்லிடுக்கெல்லாம் போய் அடைத்து, தரைக்கு மெழுகினது போல் ஆகியிருந்தது. அந்தச் சின்னக் குட்டைக்குள் ஒரு முகில் முழுதாகக் கிடந்தது.

பம்பி திருத்தியாகிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மனுசனுக்கு அந்த முகிலை விட மனம் வரவில்லை. ஒவ்வொரு நாளும் வேலை முடிகிற கடைசி ஒரு மணித்தியாலம், வாய்க்காலைத் துப்புரவாக்குகிற மாதிரிப் போய், வரம்பை வெட்டித் தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பிவிடுவார். வீட்டுக்குப் போகுமுன் அடைத்துவிடுவார். பழைய மேலாள் ஓய்வில் போனார், புது ஆள் வந்தார், அவருக்கு ஒன்றும் தெரியாது. மாரிக்குள் முழங்காலளவு. அடுத்த பங்குனிக்குள் நெஞ்சளவு, நீளம் ஐம்பது அறுபது அடி அல்ல, மீட்டர். ஏரி என்றே சொல்லலாம். சேறு அடியில் படிந்து, மேல் தண்ணீர் இளம் பச்சையாய்த் தெளிந்தது. எங்கிருந்தோ சின்னச் சின்னத் தேரைகள் வந்து சேர்ந்தன. முதுகு சேற்று நிறம், வயிறு மஞ்சள். வெறும் போத்தல் வாயில் ஊதினால் வருகிற சத்தம் போல, மெல்ல, ஊங், ஊங் என்று கூப்பிடும். பத்துப் பதினைந்து சேர்ந்து கூப்பிட்டால் தண்ணீரே நித்திரையில் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். தில்லைநாதன் பாணைக் கையில் வைத்துக்கொண்டு தின்ன மறந்து இருந்த நாட்கள் உண்டு.

அந்த வைகாசியில்தான் ஃபிரௌ லூத்தி பழைய சைக்கிளில் வந்தார். தேரை, பறவை எல்லாம் எண்ணி எழுதுகிற பெண்மணி, வயது ஐம்பத்தைந்து இருக்கும். நல்ல சிரிப்பு. கரையில் நின்ற தில்லைநாதனைப் பார்த்து, இந்தத் தண்ணீர் எப்போது, எப்படி வந்தது என்று கேட்டார். கேட்கும்போது கொப்பியைத் திறந்து பேனாவையும் எடுத்தார். அங்கேதான் பிழையாகிப்போனது.

அகதி விசாரணைக்குப் போய் வந்தவர்களுக்கு இது விளங்கும். ஒன்பது வருடம் விசாவுக்குக் காத்திருந்த மனுசன். எழுதுகிற ஆளுக்கு முன்னால் எவ்வளவு குறைவாய்ச் சொல்கிறாயோ அவ்வளவு நல்லது என்று உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது. கேட்டது ஒரு தேரைக்காரி என்று மூளை யோசிக்குமுன் வாய் பதில் சொல்லிவிட்டது.

“தானாய் வந்தது” என்றார்.

ஃபிரௌ லூத்தியின் முகம் விளக்கேற்றின மாதிரி ஆனது. ஊற்று என்று கொப்பியில் எழுதிக்கொண்டார்.

பிறகு வந்த கோடைதான் எல்லாருக்கும் நினைவிருக்கிற இரண்டாயிரத்து மூன்றின் கோடை. ஆறு மெலிந்து கல்லுத் தெரிந்தது. புல்வெளி எல்லாம் வைக்கோல் நிறம். அந்தக் கிடங்கின் நிலம் ஹேர் ஆர்னி என்கிற கமக்காரருடையது. கிரவல் எடுத்து முடிய, பள்ளத்தை நிரப்பி வயலாக்கித் திருப்பித் தரவேண்டும் என்று ஒப்பந்தம். அவருடைய வீட்டுக் கிணறுகூட அடி கண்டுவிட்டது. வூஸ்டேயில் மட்டும் தண்ணீர் நிறைந்து நின்றது. உள்ளூர்ப் பேப்பரில் படத்தோடு வந்துவிட்டது. பாலைவனத்தில் ஊற்று என்று தலைப்பு. மகள் யதுஷா அதை மேசையில் விரித்து வாசித்துச் சொல்ல, தில்லைநாதன் தேத்தண்ணிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பேப்பர் எப்படியோ ஓஸ்டர்முண்டிகன் வரை போய்விட்டது. அங்கே புனிதவதியின் தமையன் இரவீந்திரன். ஆசுப்பத்திரியில் துப்புரவு வேலை, சனி ஞாயிறு கோவில் வேலை. தெரிந்த ஆட்கள் எல்லாரும் அவர் சொல்லுக்குத் தலையாட்டுவார்கள். அவர் தொலைபேசியில், ஊரெல்லாம் வறண்டு கிடக்க ஓரிடத்தில் மட்டும் தண்ணி பொங்குதென்றால் அது சும்மா தண்ணியோ, தீர்த்தம் எல்லோ என்று தொடங்கினார். ஆடி அமாவாசை வருகுது, அப்பாவுக்கு இன்னும் ஒரு ஓடும் தண்ணியில், ஊறும் தண்ணியில் நாங்கள் எதுவும் செய்யவில்லை என்றார்.

அது உண்மைதான். அவர்களின் தகப்பன் தொண்ணூற்றொன்பதில் ஊரில் செத்தபோது யுத்தத்தால் பாதை பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் நாலு பேரும் மூன்று தேசத்தில். தகனம் நடந்து ஆறாம் நாள்தான் செய்தியே வந்தது. புனிதவதி அன்று வேலைக்குப் போய், தோய்த்த படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே நின்றாளாம். அதற்குப் பிறகு தகப்பன் கதை எடுத்தால் எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அமாவாசையன்று காலை இரண்டு வான் வண்டிகளில் சனம் வந்து இறங்கியது. கிடங்கு அப்போது கோடை விடுமுறைக்குப் பூட்டியிருந்தது. புது மேலாள் திறப்பைத் தந்து, அரை மணித்தியாலம், சவுக்காரம் போடக்கூடாது என்று இரண்டு நிபந்தனை வைத்திருந்தார். ஐயர் கரையில் இருந்து சொல்லிக்கொடுக்க, இரவீந்திரன் இடுப்பளவு தண்ணீரில் நின்று எள்ளுந் தண்ணீரும் இறைத்தார். புனிதவதி சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். இரண்டு கையாலும் அள்ளித் தலையில் மூன்று முறை விட்டாள். வெயில் இன்னும் உறைக்கத் தொடங்கவில்லை. வெள்ளைக் கல், பச்சைத் தண்ணீர், அதற்குள் வேட்டிகளும் சேலைகளும் தலைகீழாக மிதந்தன. திரும்பி வந்தபோது அவள் முகத்தில் நாலு வருடமாய்க் காணாத ஒரு அமைதி. தேரை ஒன்று கூப்பிட்டது.

தில்லைநாதன் கரையில் நின்றார். கழுவின தண்ணீர் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பாரம் இருக்குமென்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்த இரண்டு கிழமை விடுமுறையில் ஏரி ஒரு சாண் இறங்கியது. வெயில் குடித்துவிட்டது என்று ஃபிரௌ லூத்தி எழுதினார். யந்திரம் திரும்ப ஓட, ஏரி திரும்ப ஏறியது. ஊற்று நல்ல பலம் என்று எழுதினார்.

அடுத்த வருடம் விஷயம் முற்றியது. வருட முடிவோடு கிரவல் முடிகிறது, யந்திரத்தைக் கழற்றப்போகிறார்கள் என்று அறிவித்தல் வந்தது. ஏரியை என்ன செய்வது? கெமைண்டே, அதாவது ஊர்ச் சபை, ஆனி மாதக் கூட்டத்தில் வாக்கெடுப்பு என்றது. ஆர்னியிடமிருந்து அந்த நிலத்தை ஊர்க்காசில் வாங்கி, ஊற்றேரி என்று பெயர் வைத்துப் பாதுகாப்பதா, ஒப்பந்தப்படி நிரப்பி வயலாக்குவதா? ஃபிரௌ லூத்தி வீடு வீடாகப் போய்க் கதைத்தார். அவர் கொப்பியை நம்பித்தான் பாதி ஊர் தலையாட்டியது.

தில்லைநாதன் மதியத்தில் விளிம்பிலிருந்து கணக்குப் பார்த்தார். சொன்னால் ஏரி இந்த வருடம் போகும். சொல்லாவிட்டால் யந்திரம் நின்று அடுத்த கோடையில் போகும், போகும்போது ஊராரின் காசையும் அந்த மனுசியின் பெயரையும் சேர்த்துக் கொண்டுபோகும். இடையில் ஒரு வருடம் இருந்தது. ஒரு வருடம் முழுக்க அந்த வானம் கீழே கிடக்கும், தேரை கூப்பிடும், புனிதவதியின் முகம் அப்படியே இருக்கும். அந்த ஒரு வருடத்தின் மேல் அவருக்கு ஆசையோ ஆசை. சில பின்னேரங்களில் மண்வெட்டியோடு நிற்கும்போது, உண்மையாகவே அடியில் ஒரு ஊற்று இருக்கலாம்தானே, நான் விடுகிற தண்ணீர் ஒரு சாட்டுத்தானே என்றுகூட நினைத்துப் பார்ப்பார். நினைப்பது இனித்தது. கை தன்பாட்டில் வரம்பை வெட்டிக்கொண்டிருக்கும்.

கூட்டத்துக்கு இரண்டு கிழமை இருக்க, ஒரு ஞாயிறு மத்தியானம், புனிதவதி உடுப்பு மடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

“இஞ்சாரும். அந்த ஏரித் தண்ணி ஊத்துத் தண்ணியில்லை.”

“அப்ப?”

“நான் மாறிவிட்ட தண்ணி. கிரவல் கழுவினது.”

புனிதவதி கையிலிருந்த துவாயை மடித்து வைத்தாள். அடுத்ததையும் எடுத்து மடித்தாள்.

“அதிலையோ அப்பாவுக்கு இறைச்சது?”

“ஓம்.”

“கரையிலை நிண்டு பாத்துக்கொண்டு தானே நிண்டனீங்கள்.”

மூன்று நாள் அந்த வீட்டில் பேச்சில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, உப்புப் புளி சரியாக இருந்தது, அது இன்னும் பயமாக இருந்தது. யதுஷா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவாள். நாலாம் நாள் விடிய, வேலைச் சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் கொடுக்கும்போதுதான் புனிதவதி வாய் திறந்தாள்.

“கெமைண்டேக்குச் சொல்லுங்கோ. அண்ணைக்குச் சொல்லாதேங்கோ.”

“உமக்கு?”

“எனக்கு அண்டைக்கே சந்தேகம். உங்கடை காற்சட்டையை ஆர் தோய்க்கிறது? பம்பி திருத்தி ஒரு வருசமாகுது, சேறு முழங்கால் மட்டும் வருகுதே எண்டு யோசிச்சனான். கேட்டால் நீங்கள் ஓம் எண்டு சொல்லிப்போடுவியளோ எண்டு கேக்கேல்லை.” கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். “அண்ணை பாவம். அவர் இறைச்சது போய்ச் சேர்ந்ததாகவே இருக்கட்டும்.”

அன்று பின்னேரம் நாலு மணிக்கு வரச்சொல்லி ஃபிரௌ லூத்திக்கும் ஆர்னிக்கும் சொல்லியனுப்பினார். அவருடைய ஜெர்மன் யந்திரத்துக்குப் போதும், மன்னிப்புக்குப் போதாது. அதனால் பேசாமல் செய்து காட்டினார். இருவர் கண்ணுக்கு முன்னால் வரம்பை வெட்டினார். சேற்றுத் தண்ணீர் ஒரு கணம் தயங்கி, பிறகு பழகின மாடு தொழுவத்துக்குத் திரும்புகிற மாதிரி வூஸ்டே பக்கம் திரும்பிப் போனது. இரண்டு வருடம், ஒவ்வொரு நாளும் என்று விரலால் காட்டினார்.

ஃபிரௌ லூத்தி கல்லின் மேலேயே இருந்துவிட்டார். கொப்பியைத் திறந்தார், மூடினார். ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்டார். நீங்கள் எழுதினீர்கள், அதனால் பயம் என்றார் தில்லைநாதன். அந்த மனுசிக்கு அது விளங்க நேரமெடுத்தது. விளங்கினபோது கோபப்படவும் முடியாமல், கொப்பியைப் பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்துவிட்டு, இனிச் சொல்லுங்கள், எழுதமாட்டேன் என்றார்.

ஆர்னிக்கு வயல் திரும்பக் கிடைக்கப்போகிறது, மனுசன் துள்ளுவான் என்று தில்லைநாதன் நினைத்திருந்தார். ஆர்னியோ தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

“என் அப்பாவுக்கும் தெரியாமல் என் நிலத்துக்குக் கீழே ஒரு ஊற்று இருந்ததென்று நான் ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்” என்றார். “மகளின் மாமியாருக்குக்கூடச் சொன்னேன். கூட்டத்தில் வாங்கச் சொல்லி நானே கை தூக்க இருந்தேன்.”

அவருக்கும் அந்தத் தண்ணீர் தேவைப்பட்டிருக்கிறது. இரண்டு ஆண்களும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒரு வீட்டுப் பெண்ணை வெளியூருக்குக் கட்டிக் கொடுத்த தகப்பனும் தாய்மாமனும் மாதிரி.

கூட்டத்துக்குத் தில்லைநாதனும் போனார். வாக்கில்லாதவர்கள் இருந்து பார்க்கப் பின்னால் ஒரு மர வாங்கு. ஃபிரௌ லூத்தி எழும்பி, தான் எழுதினது பிழை, அது ஊற்றல்ல, ஒரு மனிதன் கையால் கொண்டுவந்த தண்ணீர் என்றார். ஆளின் பெயரைச் சொல்லவில்லை. சபையில் சிரிப்பு எழுந்து அடங்கியது. பிறகு இன்னொன்று சொன்னார். இந்தத் தேரைக்கு ஆழமான ஏரியே வேண்டாம், வற்றி வற்றி நிறைகிற குட்டைதான் வேண்டும், ஏரியைக் காப்பாற்றி நான் தேரையைக் கொன்றிருப்பேன் என்றார். கடைசியில் நிலத்தை வாங்குவதில்லை என்று முடிவாயிற்று. தெற்கு ஓரத்தில் மழைத் தண்ணீர் தங்க ஆறேழு சின்னப் பள்ளங்களை விட்டுவைக்க ஆர்னி ஒத்துக்கொண்டார். மிச்சம் நிரப்பப்படும். பின்னால் மர வாங்கில் இருந்த தில்லைநாதனுக்குக் கை எல்லாம் உயர்ந்து இறங்குவது ஏதோ தண்ணீருக்கடியில் நடப்பது போலிருந்தது.

இரவீந்திரனுக்குப் புனிதவதிதான் தொலைபேசியில் சொன்னாள். தேரைக்காகச் சபை சனத்தை இறங்க விடாதாம் அண்ணை என்றாள். அதில் பொய்யும் பாதிதான்.

“பாத்தியே பிள்ளை” என்றார் அவர். “தவளைக்கு ஒரு வருசத்திலை விசா. எங்களை எத்தினை வருசம் அலைக்கழிச்சவங்கள்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “பரவாயில்லை. அப்பாவுக்கு ஒருக்கா நல்லாச் செய்தாச்சு” என்றார்.

புனிதவதி ஓம் அண்ணை என்று சொல்லிவிட்டு, தொலைபேசியை வைத்த பிறகும் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

புரட்டாதியில் தண்ணீரை வெளியே விடச்சொல்லி மேலாள் தில்லைநாதனிடமே சொன்னார். நீதானே கொண்டுவந்தாய், உனக்குத்தானே பாதை தெரியும் என்றார். அதில் குத்தலும் இருந்தது, ஒரு மரியாதையும் இருந்தது. அது சனிக்கிழமை, வேலையில்லாத நாள். புனிதவதி தானும் வாறன் என்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டாள்.

காலையில் மெல்லிய பனிமூட்டம். ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தேரைகள் குளிருக்கு எங்கோ ஒளித்துவிட்டன. வடக்குக் கரையில் சேறு படியாத வெறுங்கிரவல் பக்கமாக அவர் ஒரு வாய் வெட்டினார். முதலில் ஒரு கையளவு தண்ணீர் போனது. பிறகு கரை தானாக அரிந்து அகன்றது. போன தண்ணீரைக் கல் சத்தமில்லாமல் குடித்தது. நடு ஏரியில் கிடந்த ஒரு மஞ்சள் இலை திரும்பி, எங்கே போகிறோம் என்று கேட்கிற மாதிரி மெதுவாக அந்தப் பக்கம் வரத் தொடங்கியது.

தில்லைநாதன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். பக்கத்தில் புனிதவதி குந்தியிருந்து, போகிற தண்ணீரில் விரலை வைத்தாள். விரலைச் சுற்றிப் பிரிந்து போனது. நெடுநேரம் அப்படியே வைத்திருந்தாள். தகப்பன் போகும்போது படலையில் நின்று வழியனுப்பக் கிடைக்காதவள்.

“போயிட்டு வாங்கோ” என்றாள், தண்ணீரைப் பார்த்து.

தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவர் கரையில் வெட்டின வாயை இன்னும் கொஞ்சம் அகலமாக்கி விட்டார்.